தந்தியில் இருந்த சொல்

எழுபத்தெட்டில் பூவரசங்குளத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷுக்கு ஆளில்லாததால் அதையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கே அது அரைகுறைதான். ஆனாலும் ஊரில் யாருக்கு இங்கிலீஷில் கடதாசி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

முந்தின வருசக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காடு வெட்டிக் குடியிருந்த ஒரு அக்கா, ஒருநாள் காலை தந்தியோடு வகுப்பு வாசலில் வந்து நின்றா. அவாவின் தம்பி பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவன். தந்தி அடித்தது தோட்டத்துக் கிளாக்கர். “பிரதர் டிசீஸ்ட். கம் சூன்.” அவ்வளவுதான்.

செத்துப்போனான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தால், முதலெழுத்துக்கு அடுத்து ஈயும் சீயும் இருக்க வேண்டிய இடத்தில் ஐயும் எஸ்ஸும் இருந்தன. பள்ளிக்கூட அதிபரின் அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சொல்லும் இருந்தன. வாயால் சொன்னால் ஏறக்குறைய ஒரே சத்தம். ஈயும் சீயும் வந்தால் இறந்தவர், ஐயும் எஸ்ஸும் வந்தால் நோயாளி. ஆனால் நோய், வருத்தம் என்றால் ‘சீரியஸ்’ என்றுதானே தந்தி அடிப்பார்கள்? கிளாக்கர் பிழை விட்டாரா, தபால்கந்தோரா, இல்லை பிழையே இல்லையா?

“ஆள் இருக்கானா இல்லையா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க.”

“சுகமில்லை எண்டுதான் கிடக்கு அக்கா” என்றேன்.

அவா தோடம்பழமும் ஒரு கம்பளியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினா.

எட்டு நாளால் திரும்பி வந்தா. போய்ச் சேர முன்னமே தம்பியைப் புதைத்துவிட்டார்களாம். நான் அகராதியில் பார்த்ததையெல்லாம் சொல்லி, எனக்கு விளங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன். அவா அதை நம்பவில்லை.

“ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும். தனியா போறவ மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னுதான மறைச்சீங்க” என்று சொல்லி என் கையைப் பிடித்தா.

இல்லை அக்கா, உண்மையாகவே தெரியாது என்று திரும்பவும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டா. அதற்குப் பிறகு வழியில் கண்டால் என்னோடு இன்னும் அன்பாகக் கதைப்பா. எனக்குத்தான் முகம் கொடுக்க முடியாமல் இருக்கும். அன்றைக்கு எழுத்தைப் பார்த்துச் சொன்னேனா, அவாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.