ஈரக் கோட்டுகள்

ஸ்லோவேனியாவின் மரிபோரில், திராவா ஆற்றை ஒட்டிய ஓவியக்கூடத்தில் படம் மாட்டுவதுதான் ஸ்லாவ்கா பெச்னிக்கின் வேலை. இருபத்து நான்கு வயதில் சேர்ந்தவளுக்கு இப்போது அறுபத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே அச்சோவியக் கண்காட்சி நடக்கும். லிமாவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் அட்டைக்குழாய்களில் சுருண்டு வரும் தாள்களை அவள்தான் பிரிப்பாள். லேசாக ஈரம் காட்டி, உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றித் தட்டையாக்குவாள். சட்டம் போட்டு மாட்டுவாள். எல்லாம் முடிந்ததும் கழற்றிச் சுருட்டி, வந்த ஊருக்கே அனுப்பி வைப்பாள். திறப்பு நாளில் ஒயின் கோப்பையோடு சுவரைப் பார்த்து நிற்கும் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. முட்டிவலிதான் அவள் வருத்தமெல்லாம்.

அந்த வருடம் புது இயக்குநர் நேஜா ஒரு பட்டியலோடு கிடங்குக்கு வந்தாள். முப்பத்தாறு வயது, ஓயாத நடை.

"அக்கா, இந்தத் தடவை பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல வைக்கப்போறோம். ஒவ்வொரு கண்காட்சியிலேருந்தும் ஒரு படம். எண்பத்தேழுக்கு இவங்க, போலந்துக்காரம்மா, யாத்விகா ஸ்ரோகா. கேட்லாக்ல பார்த்ததுமே பிடிச்சுப்போச்சு."

அந்தப் படத்தில், பள்ளிக்கூட நடைவழியில் வரிசையாகக் கொக்கிகளில் தொங்கும் குழந்தைகளின் ஈரக் கோட்டுகள். செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்தது. ஸ்லாவ்கா பட்டியலைப் பார்க்கவே இல்லை.

"அது திரும்பிப் போயிடுச்சு. பதிவேட்டுல இருக்கு, பாரு."

"பார்த்தேன். சரி, அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கலாம். உசுரோடதான் இருக்காங்க, எண்பத்தொரு வயசு."

நேஜா மாடிப்படி ஏறிப் போனாள். ஸ்லாவ்கா பழைய மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

எண்பத்தேழு அக்டோபரில் அவள் கணவன் லோய்ஸே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலையில் ஓவியக்கூடம், மதியம் ஆஸ்பத்திரி, மாலையில் வீடு, பிறகு துணி துவைப்பு. கண்காட்சி முடிந்து திருப்பி அனுப்ப வேண்டிய தாள்கள் நூறுக்கு மேல். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஓரம் சுருண்டிருந்த யாத்விகாவின் தாளை உறிஞ்சுதாளுக்கு அடியில் வைத்து, அட்டை கொடுக்க மறந்து, இரும்புப் பாரத்தை நேரே அதன் மேல் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தபோது மூன்றாவது கோட்டின் மேல் வட்டமாகத் துருக்கறை. ரொட்டித்துண்டால் ஒற்றினாள், பஞ்சால் துடைத்தாள். கறை இன்னும் பரவியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் 'தபாலில் அனுப்பப்பட்டது' என்று எழுதினாள். தாளை வீசியெறியவும் மனம் வரவில்லை. பழைய விளம்பரச் சுவரொட்டிகளுக்கு அடியில், கடைசி இழுப்பறையில் வைத்தாள். படம் வரவில்லை என்று யாத்விகா இரண்டு கடிதம் எழுதினாள். பதிவேட்டைப் பார்த்த அலுவலகம், உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் விசாரியுங்கள் என்று பதில் போட்டது. மூன்றாவது கடிதம் வரவில்லை.

அன்று இரவு வீட்டில் யோத்தா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, அவள் லோய்ஸேயிடம் சொன்னாள். அவன் புளித்த முட்டைக்கோஸைக் கரண்டியால் கிளறிக்கொண்டே கேட்டான்.

"முப்பத்திரண்டு வருஷமா என்கிட்ட கூடச் சொல்லல?"

"நீ அப்போ மல்லாக்கப் படுத்துக் கிடந்தே."

"அதுக்கப்புறம் எழுந்துட்டேனே."

"எழுந்து என்னத்தைக் கிழிச்சே."

அவன் சிரித்தான். பிறகு ரொட்டியைப் பிய்த்து அவள் பக்கம் நகர்த்தினான். "போய்ச் சொல்லிடு, ஸ்லாவ்கா. ரிட்டயர் ஆகப்போறவள என்ன பண்ணிடுவாங்க."

மறுநாள் அவள் தாளை எடுத்து நேஜாவின் மேசைமேல் விரித்தாள். நடந்ததைச் சொன்னாள். நேஜா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஸ்லாவ்காவுக்குத் தோன்றியது.

"அக்கா, இதையே மாட்டலாமே. அந்தக் கறையோட. உங்க கதையப் பெரிசா சுவர்ல எழுதி..."

"கதை என்ன கதை. களைப்புல ஒரு அட்டை வைக்க மறந்தேன். அப்புறம் பொய் சொன்னேன். இதுல கலை எங்க வந்துச்சு? மொதல்ல அந்தம்மா நம்பரக் கொடு. நானே பேசுறேன்."

யாத்விகா போலந்தில் தொருன் நகரத்தில் இருந்தாள். அவள் போலிஷில் பேசினாள், ஸ்லாவ்கா ஸ்லோவேனியத்தில். மெதுவாகப் பேசினால் பாதிக்கு மேல் புரிந்தது. புரியாததைத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். ஸ்லாவ்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"எங்க தெருவுக்கு ஒரு தபால்காரர் இருந்தார்," என்றாள் யாத்விகா. "க்னாஸ். வெளிநாட்டுப் பொட்டலத்தை அவர்தான் எடுத்துக்கிட்டார்னு நான் புகார் எழுதிக் கொடுத்தேன்."

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றாள் ஸ்லாவ்கா.

"அவர் இல்லவே இல்லைன்னார். யாரும் நம்பல. நானும்தான். தபால் கொடுக்குற வேலையிலேருந்து எடுத்து, ரயிலடியில மூட்டை தூக்குற வேலைக்குப் போட்டுட்டாங்க. பதினொரு வருஷம் அங்கதான்."

"இப்போ?"

"செத்துப்போயிட்டார். மகள் இருக்கா, மார்ஸேனா. அதே தெரு. முப்பது வருஷமா எனக்கு வணக்கம் சொல்றதில்ல."

"நான் அவளுக்கு எழுதட்டுமாம்மா?"

"எழுதுங்க. மொதல்ல என்கிட்ட அனுப்புங்க, நானும் கையெழுத்துப் போடணும். புகார் எழுதின கை என்னோடதுதானே."

"படத்தை என்ன பண்ணட்டும்?"

"கறையோடயே மாட்டுங்க. முடிஞ்சதும் மார்ஸேனாகிட்ட அனுப்பிடுங்க. என்கிட்ட வேண்டாம்."

மூன்று நாள் உட்கார்ந்து ஸ்லாவ்கா கடிதம் எழுதினாள். முதலில் லோய்ஸேயின் இடுப்பு, ஆஸ்பத்திரி, பேருந்து என்று நீண்டது. படித்துப் பார்த்து அதையெல்லாம் அடித்தாள். உங்கள் அப்பா அந்தப் பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை, நான் அனுப்பவே இல்லை, அனுப்பியதாகப் பொய் எழுதினேன் என்று மட்டும் மிஞ்சியது. நேஜா அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் போலிஷில் மாற்றி யாத்விகாவுக்கு அனுப்பினாள். யாத்விகாவின் கையெழுத்தோடு அது அதே தெருவிலிருந்த மார்ஸேனாவுக்குப் போனது.

கண்காட்சி திறந்தது. புதிய அச்சுகளில் ஒன்று சுவர் முழுக்க இருந்தது, கணினியில் வரைந்து மரப்பலகையில் செதுக்கியது. இன்னொன்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்றே எழுதியிருந்தார்கள். ஈரக் கோட்டுகள் நான்காவது அறையில், ஜன்னலைவிட்டுத் தள்ளி. கீழே ஸ்லாவ்கா சொன்னபடி ஒரே வரி: துருக்கறை இந்தக் கூடத்தில் ஏற்பட்டது, கலைஞர் பொறுப்பல்ல. ஒரு தம்பதி குனிந்து படித்தார்கள். "அந்த வட்டம் வேணும்னே வச்சதுன்னு நினைச்சேன்," என்றாள் மனைவி. கணவன் அடுத்த படத்துக்குப் போய்விட்டான். ஸ்லாவ்கா மூலையில் காவலர் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். வீங்கியிருந்தது.

மார்ஸேனாவிடமிருந்து பதில் இல்லை. கண்காட்சி முடிந்ததும் ஸ்லாவ்கா தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, நான்கு பக்கமும் ஒட்டி, தானே தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனாள்.

ஐந்து வாரம் கழித்து மார்ஸேனாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நேஜா படித்துச் சொன்னாள்.

"படம் கிடைத்தது. கடிதத்தை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா திருடவில்லை என்று அவளுக்கு எப்போதும் தெரியும், எனக்குத்தான் சந்தேகம் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஸ்ரோகா அம்மாவுக்கு நேற்று வணக்கம் சொன்னேன்."

"இன்னொரு தடவ படி," என்றாள் ஸ்லாவ்கா.

நேஜா படித்தாள். ஸ்லாவ்கா அட்டையை வாங்கி மேல்சட்டைப் பைக்குள் வைத்தாள். மதியம்தான் ஆகியிருந்தது, சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பி அனுப்ப வேண்டிய படங்கள் கிடங்கில் இன்னும் நிறைய இருந்தன. முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அவள், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.