இரண்டு பைனாகுலர்களும் என் தீர்ப்பும்

என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்திருந்தால் ஊரே எனக்காகப் பரிந்து பேசியிருக்கும். அவருக்கு இருந்தது பறவைகளோடு. மாரி தொடங்கி அவை வந்து இறங்கிவிட்டால், பள்ளிக்கூடம் விட்டதும் இந்த வாத்தியாரின் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வராது, தாம்போதிப் பாதையைத் தாண்டிக் கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கம் போய்விடும். இருட்டின பிறகு காற்சட்டையெல்லாம் சேறாக வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "பூநாரை வந்து நிக்குது" என்பார். அவ்வளவுதான். அந்தப் பூநாரைகளின் மேல் எனக்கிருந்த எரிச்சலை நான் சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

போன மாசியில் அவருடைய பழைய பைனாகுலரில் பூஞ்சணம் பிடித்தது. எனக்குச் சந்தோசம். அது ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. கொழும்பில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பார்த்து முடிவெடு என்று இரண்டை அனுப்பிவைத்தார். ஒன்று சாதாரணமானது, மற்றது உயர்ரகம். இரண்டு விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தில் ஒரு வோஷிங் மெஷின் வாங்கலாம். சேற்றுக் காற்சட்டைகளைக் கையால் துவைக்கிறவள் நான்தான்.

அவருக்கு உயர்ரகத்தின் மேல்தான் கண். ஆனால் ஆசை வந்துவிட்டதால் தன்னைத் தானே நம்ப முடியாதாம். பறவைப் பைத்தியம் இல்லாத ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டுமாம். நான் எதைச் சொல்கிறேனோ அதையே வாங்குவதாக வாக்குக் கொடுத்தார். நான் உடனே சம்மதித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்ற பதிலை வீட்டிலேயே தயார்பண்ணிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

ஞாயிறு பின்னேரம் களப்பு ஓரத்தில் இறங்கினோம். முதலில் சாதாரணமானதைத் தந்தார். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம், நீண்ட கால்கள், வளைந்த கழுத்துகள். நல்லாகவே தெரிந்தது. விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் ஊதா நிறம் கசிந்தது. இதுகளுக்காகவா இத்தனை வருசம் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

பிறகு மற்றதை வாங்கிக் கண்ணில் வைத்தேன். ஒரு பறவையின் கண் மஞ்சள் என்று தெரிந்தது. அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அது அரித்தெடுப்பதும், நிமிரும்போது நுனியிலிருந்து சேறு சொட்டுவதும் தெரிந்தது. இரண்டு பறவைகள் கழுத்தை நீட்டிச் சண்டை பிடித்தன. நிற்கிற இடத்துக்காகத்தான் போலிருந்தது. எனக்கு அதில் ஒன்றின் பக்கம் சேர மனம் வந்தது. அந்த நேரம் பார்த்து இன்னொன்று செட்டையை விரித்தது. வெளியே வெளிறிய நிறம், உள்ளே இரத்தச் சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. பிறந்து வளர்ந்த இடத்தில் இப்படியொரு சிவப்பு இருந்தது எனக்குத் தெரியாது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மாற்றி மாற்றிப் பார்த்தேன். சாதாரணமானதில் எல்லாம் புகைமூட்டமாக இருந்தது. மற்றதில் இன்னும் பொழுதுபடவில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பறவைகளின் மேல் இல்லை, அவர் மேல். இதையெல்லாம் இந்த மனுசன் வருசக்கணக்காகத் தனியே நின்று பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒரு வரியில் முடித்திருக்கிறார். அந்தச் சிவப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நீரும் வாரும் என்று ஒருநாளாவது கூப்பிட்டதில்லை.

"சொல்லுமப்பா, எது?" என்றார். குரலில் பயம் இருந்தது.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கையிலிருக்கும் உயர்ரகம் அடுத்த நாளே கொழும்புக்குத் திரும்பிப் போய்விடும்.

"குடுக்கிற காசுக்கு இதுதான். இதையே எடுங்கோ."

அவருடைய முகம் மலர்ந்துபோனது. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் அதன் வாரை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இது எனக்கு. உங்களுக்கு மற்றது போதும்."