இந்தக் கலர் ஒரிஜினலா, சார்?

பழைய ஃபிலிம் கேமராக்களுக்கு ஜாதகம் பார்ப்பது என் தொழில். தாம்பரம் மேற்கில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக்கடை. ஒரே மாடல் கேமரா வெள்ளி நிறத்தில் நிறைய வந்திருக்கும், கறுப்பில் கொஞ்சம் வந்திருக்கும், வேறு நிறத்தில் அபூர்வமாக வந்திருக்கும். அந்த அபூர்வத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் அலைவார்கள். விசித்திரமாக எது கையில் கிடைத்தாலும் என்னிடம் கொண்டுவந்து, இது கம்பெனியிலேயே இப்படி வந்ததா, பின்னால் யாராவது கைவைத்ததா என்று கேட்பார்கள். பெரும்பாலும் கைவைத்ததுதான்.

இதற்கு என் முதலீடு ஒரு பூதக்கண்ணாடியும், ‘அவர் சொன்னா சரியா இருக்கும்’ என்கிற பேரும். கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. பேரைத்தான் வருகிறவர்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நகையை உரசிப் பார்ப்பவர், கல்யாணத் தரகர் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் புரியும்.

சிவப்புப் புள்ளி

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி லேப்டாப் பையோடு வந்தார். துணியில் சுற்றிய ஜப்பான் கேமராவை, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல எடுத்து வைத்தார். முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வட்டம். “ஸ்பெஷல் எடிஷன் சார். நெட் முழுக்கத் தேடிட்டேன், இந்த ரெட் டாட் யார்கிட்டயும் இல்ல” என்றார். 

நான் பூதக்கண்ணாடியைத் தொடவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். ஏதோ ஸ்டூடியோக்காரர் வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார், துடைக்கத்தான் மறந்திருக்கிறார். சந்தனமும் குங்குமமும் கேமரா மேல் ஒட்டிய தோலின் வரிகளுக்குள் இறுகிப்போய்விட்டன. பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். தம்பியின் முகம் சுண்டிப்போனது. கேமராவை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

“ஜப்பான்ல ஆயுத பூஜை கிடையாதுன்னு உங்களுக்கு உறுதியா தெரியுமா, சார்?”

ரகசியக் குறியீடு

இவர் பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்வாசி, பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். அவருடைய கேமராவின் அடியில் புள்ளி புள்ளியாக ஏதோ பொறித்திருந்தது, பாதி தேய்ந்திருந்தது. ராணுவத்துக்கென்று தனியாகச் செய்த கேமரா, இது அதன் ரகசியக் குறியீடு என்பது அவர் கட்சி. பெரிதாக பிரிண்ட் போட்டு நண்பர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். ஒருவர் ரஷ்யன் என்றாராம், இன்னொருவர் ஹீப்ரூ என்றாராம்.

நான் தலைகீழாகத் திருப்பினேன். தமிழ். பாத்திரக்கடையில் குடத்துக்கும் தூக்குவாளிக்கும் பேர் வெட்டுவார்களே, அதே மிஷின், அதே புள்ளி எழுத்து. தேய்ந்தது போக மிச்சம், ‘செல்வி மங்கை... தாய்மாமன் சீர்’. எவர்சில்வர் அண்டாவுக்குப் பக்கத்தில் இதுவும் சீர்த்தட்டில் ஊர்வலம் போயிருக்கிறது. படித்துக் காட்டினேன். சார் அசரவில்லை.

“ஏன், அந்தத் தாய்மாமன் மிலிட்டரில இருந்திருக்கக் கூடாதா?”

நீலக் கேமரா

கோவளத்திலிருந்து மீன் விற்கிற அக்கா ஒருவர் வந்தார். கூடைக்குள்ளிருந்து அவர் எடுத்த கேமரா தலை முதல் கால் வரை பளீர் நீலம். “இது இன்னான்னு பாத்துச் சொல்லு சார்” என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நீலத்தில் இப்படி ஒன்று வந்ததே இல்லை, இது படகுக்கு அடிக்கிற எனாமல், இதோ பாருங்கள் பிரஷ் முடிகூட ஒட்டியிருக்கிறது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க போட்டு பெயிண்ட்டு எனக்குத் தெரியாதா? துரு புடிக்கக் கூடாதுன்னு என் தம்பிதான் அடிச்சான். பேரு மேலயும் சேர்த்து அடிச்சிட்டான். உள்ள கீறது இன்னா கேமரா, அதச் சொல்லு!”

கறுப்பு யாரிடம்?

கூடுவாஞ்சேரியில் இருப்பவர் அண்ணன், குரோம்பேட்டையில் இருப்பவர் தம்பி. இருவரும் ஒரே நேரத்தில் வந்து, என் கடையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்தார்கள். அப்பா கல்யாண போட்டோகிராபர். சொத்துப் பிரித்தபோது ஆளுக்கு ஒரு கேமரா என்று ஆனது. அதோடு பேச்சும் நின்றுபோனது. இப்போது அப்பாவுக்கு முதல் வருஷப் படையல் வருகிறது. அவர் ஆசையாகக் கையில் வைத்திருந்த கேமரா எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கேதான் படையல், இனிமேல் தானும் அங்கேதான் என்று அம்மா சொல்லிவிட்டார். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இருவரும் சபதம். ஒரு சாவு வீடு இப்படி இரண்டாக நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

“அப்பா கேமரா கறுப்பு சார். கல்யாணத்துல பக்கத்துல ஸ்டூல்ல நின்னு லைட் புடிச்சவன் நான். மேலேர்ந்து பாத்துருக்கேன்” என்றார் அண்ணன்.

“அவருகிட்ட சொல்லுங்க சார், நானும் பாத்துருக்கேன்” என்றார் தம்பி. “நான் சின்னப் பையன், அப்பா காலடியில நிப்பேன். அண்ணாந்து பாத்தா கேமராவோட அடிதான் தெரியும். கன்னங்கரேல்னு இருக்கும்.”

இரண்டையும் தோல் உறையிலிருந்து உருவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அண்ணனுடையதில் மேல்மூடி கறுப்பு, அடிமூடி வெள்ளி. தம்பியுடையதில் மேலே வெள்ளி, அடியில் கறுப்பு. ஸ்க்ரூக்களைப் பார்த்தால் சமீபத்தில் யாரும் கைவைத்த மாதிரியும் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருவர் சொன்னதும் நிஜம். அப்பாவின் கேமரா முழுக் கறுப்பாகத்தான் இருந்திருக்கிறது. மேல்பாதி பெரியவரிடம், கீழ்ப்பாதி சின்னவரிடம்.

“உங்க அப்பா ரெண்டையும் ஒண்ணா பிரிச்சு வச்சு சுத்தம் பண்ணியிருக்கார். மூடும்போது அடிமூடியை மாத்தி மாட்டிட்டார், அவ்வளவுதான்” என்றேன்.

அண்ணன் விருட்டென்று எழுந்தார். “மாத்தி மாட்டிட்டாரா? யாரைப் பாத்து என்ன பேசறீங்க? எங்கப்பா கண்ணைக் கட்டிக்கிட்டே ஃபிலிம் மாத்துவார் சார்!”

“அதானே!” என்றார் தம்பி. அவரும் எழுந்துவிட்டார். “எங்கப்பாவா மாத்தி மாட்டுவாரு? நல்லா விசாரிக்காம இங்க வந்தது தப்பு.” மேஜையிலிருந்த இரண்டு கேமராக்களையும் எடுத்துத் தன் ஒரே பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது என் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்:

“வாண்ணா, போலாம். இந்த ஆளுக்குக் கேமராவைப் பத்தி ஒரு மண்ணும் தெரியல.”

நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரிதான், ஆனாலும் அந்தப் படையல் நல்லபடியாக முடிகிற வரைக்கும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.