ஐம்பத்தெட்டில் நின்ற எண்

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் மொத்தமே மூன்று பேர்தான். கிளைடர் எனப்படும் இன்ஜின் இல்லாத விமானங்களுக்குக் கருவி செய்கிறோம். நடத்துபவரே கிளைடரும் ஓட்டுகிறவர். அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஓடுதளத்துக்குப் பக்கத்தில் அவர் இருக்கிறார். கிளைடரைக் கம்பியால் இழுத்து மேலே ஏற்றும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆளான நான் திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே, மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

நாங்கள் செய்தது உயரத்தை எண்ணாகவும், ஏறுவதையும் இறங்குவதையும் அம்புக்குறியாகவும் காட்டும் கருவி. அதன் திரையில் பின்விளக்கு கிடையாது. செல்போன் திரை வெயிலில் மங்கிப்போகும். இது வெயிலையே வாங்கித் திருப்பிக் காட்டும். உச்சி வெயிலில்தான் எண்கள் அச்சடித்த மாதிரி தெரியும். கரண்டும் மிகக் கொஞ்சம்தான் இழுக்கும், ஏனென்றால் ஒருமுறை எழுதிய எண்ணை அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்றச் சொன்னால் மட்டும்தான் மாற்றும். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் யோசிக்காமல் விட்டேன்.

வெயிலில் சோதிப்பது என் பொறுப்பு. எங்கள் மொட்டை மாடியைவிட நல்ல இடம் அதற்குக் கிடையாது. காலையில் கருவியைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, கடல் மட்டத்திலிருந்து எங்கள் ஊரின் உயரமான ஐம்பத்தெட்டு மீட்டருக்கு எண்ணைத் திருத்திவிட்டு, மணிக்கு ஒருமுறை ஏறிப்போய் எண்ணை நோட்டில் குறிப்பேன்.

"எங்காத்தா வெயில்ல நின்னு நடவு நட்டுச்சு. என் மக நீ இன்ஜினியரிங் படிச்சுட்டும் வெயில்லதான் நிக்கிற" என்று அப்பா சிரிப்பார். கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. இப்போது அப்பா குத்தகைக்கு இரண்டு ஏக்கர் சாகுபடி செய்கிறார்.

முதல் நாள் சோதனையின்போது மூட்டமாக இருந்தது. எண் ஐம்பத்தெட்டில் ஆரம்பித்து அறுபத்து மூன்று, எழுபது, எழுபத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. மாடி இருந்த இடத்திலேயே இருக்க, எண் மட்டும் ஏறினால் பிழைதானே? இரண்டு நாள் உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினேன். அதற்குப் பிறகு நான்கு நாள் சுள்ளென்று வெயில். நான்கு நாளும், எந்த மணிக்குப் பார்த்தாலும் ஐம்பத்தெட்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'வெயிலில் எண் நிலையாக உள்ளது' என்று எழுதி அனுப்பினேன். ஒரு கருவியைக் கூரியரில் போட்டேன். அதே மாதிரி இன்னொன்றை என்னிடம் வைத்துக்கொண்டேன்.

சார் அதைப் பொருத்திப் பறப்பதாக இருந்த அன்று காலையில் போன் செய்தார்.

"பழைய உயர மீட்டர் மேல டேப் ஒட்டிட்டேன். அது கண்ல பட்டா அதைத்தான் பார்ப்பேன். இன்னைக்கு உங்க திரை மட்டும்தான். இங்க வெயில் கொளுத்துது, சூட்டுக் காத்து நல்லா மேல தூக்கும்."

"சரிங்க சார்" என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் ஊரில் அன்று மூட்டம். அப்பா உளுந்துச் செடிகளைப் பிடுங்கி வந்து வீட்டு வாசல் தெருவில் காயப் போட்டிருந்தார். மழை வருமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் கருவியைச் சும்மா சுவரில் வைத்தேன். பதினொரு மணிக்கு அறுபத்து மூன்று. பன்னிரண்டுக்கு அறுபத்தொன்பது. திருத்திய மென்பொருள்தான், ஆனாலும் பழையபடி ஏறுகிறது.

எரிச்சலோடு நோட்டைத் திறந்தேன். மூட்டம் போட்ட நாளில் எண் ஏறியிருக்கிறது. வெயில் அடித்த நாளில் நின்றிருக்கிறது. ஏன்? பக்கங்களை மாற்றி மாற்றிப் புரட்டினேன். பள்ளிப் பாடம் மாதிரி ஒன்று நினைவுக்கு வந்தது. நம் பக்கத்தில் காலை பத்து மணிக்கு மேல் மாலை வரை காற்றழுத்தம் தினமும் கொஞ்சம் இறங்கும். அழுத்தத்தை வைத்துத்தான் கருவி உயரத்தைக் கணக்கிடுகிறது; அழுத்தம் குறைந்தால் உயரம் கூடியதாகக் காட்டும். அப்படியென்றால் உட்கார்ந்த இடத்திலேயே எண் ஏறத்தான் வேண்டும். ஏறியதுதான் சரி. நின்றதுதான் தப்பு.

வெயிலில் சூடேறிக் கருவியின் மூளையான சிப் நின்றுபோயிருக்கிறது. திரையோ கடைசியாக எழுதியதைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று காட்டியிருக்கிறது. நான்கு நாளும் நான் பார்த்தது செத்த எண்.

நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வெயிலும் இல்லை, நேரமும் இல்லை. சாருக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. விஞ்ச் அண்ணனுக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, சார் மேல போயிட்டாரா?"

"போயிப் பத்து நிமிசமாச்சுங்க."

"ரேடியோல சொல்லுங்க. திரை நின்னு போயிருக்கும், நம்ப வேண்டாம்னு சொல்லுங்க. பழைய மீட்டர் மேல ஒட்டுன டேப்பைப் பிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"நின்னிருச்சுங்களா? நல்லா ஓடுதுன்னு இப்பத்தான் சொன்னாருங்க."

"சொல்லுங்கண்ணே, சீக்கிரம்!"

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே ரேடியோவில் பேசினார். இரைச்சலுக்கு நடுவே சாரின் குரல் எனக்கே கேட்டது. "நல்லாத்தான் காட்டுது. நானூத்தி இருபது. அம்புக்குறி மேலதான் காட்டுது."

அந்த நேரம் பார்த்து இங்கே மழை விழ ஆரம்பித்தது. கீழே அப்பா கத்தினார். "ஏம்மா! ஓடியா, படுதாவ ஒரு பக்கம் புடி! உளுந்து நனையுது!"

மாடியை விட்டு இறங்கினால் எங்கள் வீட்டில் சிக்னல் போய்விடும். நான் நகரவில்லை.

"அண்ணே, போன தடவையும் நானூத்தி இருபதுன்னுதான் சொன்னாரா?"

அவர் யோசித்தார். "ஆமாங்க. அதேதான் சொன்னாருங்க."

"டேப்பை எடுக்கச் சொல்லுங்க!"

ரேடியோவில் மறுபடி அண்ணன் பேசினார். பதில் வரவில்லை. இரைச்சல் மட்டும். அப்பா தெருவில் தனியாகப் படுதாவை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காற்றில் பறந்தது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அப்புறம் கூப்பிடவே இல்லை.

"இப்பத் தெரியறாருங்க" என்றார் விஞ்ச் அண்ணன். "கீழ இருக்கறாருங்க. ரொம்பக் கீழ. ஓடுதளத்துக்கு வந்து சேர மாட்டாரு போல..." அவர் ஓடும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மழை நின்றுவிட்டது. போனைத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு மாடிப்படித் தலைப்பில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட பயமாக இருந்தது. கூப்பிடாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

சாரே கூப்பிட்டார்.

"ஒண்ணும் இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் உழுது போட்ட கொல்லையில எறக்கிட்டேன். சக்கரம் போயிடுச்சு. முழங்கால்ல கொஞ்சம் அடி."

படியிலிருந்து எழுந்து நின்றேன்.

"டேப்பைப் பிச்சா தரையிலேர்ந்து நூத்தி அறுவது மீட்டர்லதான் இருக்கேன்" என்றார். "ஏறுது, ஏறுதுன்னு திரையில அம்புக்குறியும் அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. எறங்குற காத்துலயே சுத்திக்கிட்டு இருந்திருக்கேன். உடம்புக்குத் தெரிஞ்சுது. ஆனா நான் திரையைத்தான் நம்புனேன்."

"சார், தப்பு என்னோடது. நாலு நாள் ஒரே எண் இருந்துச்சு. பாத்துட்டு சந்தோஷப்பட்டேன்."

"நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து நாள் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

கீழே போனபோது அப்பா நனைந்த செடிகளை உதறிக்கொண்டிருந்தார். பாதி உளுந்து நனைந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "ஆளு பொழச்சுக்கிட்டாருல்ல" என்றார். "காஞ்சா சரியாப் போயிடும். அந்தப் பக்கம் புடி."

ஆறாம் நாள் சார் பேசினார். கோபமாகப் பேசவில்லை. ஆனால் முன்பு மாதிரியும் பேசவில்லை. "மூளை நின்னா திரையும் அழிஞ்சுடணும். காலியா இருந்தா நான் ஏமாற மாட்டேன்" என்றார். நானும் அதையேதான் வரைந்து வைத்திருந்தேன். மூளை 'ஓடுகிறேன்' என்று நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால், தனியாக ஒரு சின்ன மின்சுற்று திரையைத் துடைத்துவிடும். மூளை சூட்டில் நிற்பதற்கான காரணத்தையும் தேடிப் பிடித்தேன். ஒரு மலிவான பாகம். அதை மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் முதலில் பழைய பாகத்தோடேயே மாடியில் வைத்தேன். நல்ல வெயில். பத்து மணி ஆவதற்குள் என் கண் முன்னாலேயே எண் மறைந்து திரை வெறும் சாம்பல் நிறமானது. அன்றைக்கு அதைவிட நல்ல காட்சி எனக்கு வேறில்லை.

புதிய பாகத்தோடு மூன்று நாள் ஓடியது. எண் தினமும் ஒழுங்காக ஏறி, சாயங்காலம் இறங்கியது.

"அப்ப நான் மேல போகலாமா?" என்று சார் கேட்டார்.

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் ரெண்டு நாள் வெயில் பாக்கறேன் சார்" என்றேன்.

"பாருங்க" என்றார். அவரும் காத்திருந்தார்.