நான் போகாத பயணத்தின் ஒத்திகைகள்

சிக்கிம் மலை, மேகாலயா மழைக்காடு, அந்தமான் தீவுகள். மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடும் திட்டம் என்னுடையதுதான். பணி ஓய்வு பெற்ற கையோடு, செகந்திராபாத் பக்கத்து ஹப்சிகுடாவில் ஒரு கடைக்குப் போய், முதுகுப்பை, மழைக்கோட்டு, அட்டை ஏறாத நீளக் காலுறை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கி வந்தேன். புது ஷூவைப் பழக்க வேண்டுமென்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தேன். குளியலறைக்கும் டிவிக்கும் நடுவே இமயமலை ஏறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தபடி மனைவி துடைத்த தரையை மறுபடி துடைத்தாள்.

பயண ஏற்பாட்டாளர்கள் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். என் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் கேட்பார்களாம். செகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனையில் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். பாதியிலேயே மெஷினை நிறுத்திவிட்டார்கள். என் வேகத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள் என்று நான் கொஞ்ச நேரம் நம்பினேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியிடம் பேச ஆரம்பித்தார். நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் டாக்டர் பேசினால் விஷயம் பெரிது. ஆஞ்சியோவும் அதையே சொன்னது. அடைப்புகள் இருக்கும் இடம் சரியில்லை, ஸ்டென்ட் வைக்கத் தோதில்லை, மாத்திரைதான். மலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்றார். படத்தில் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் பெருந்தன்மை பொங்கியது. "நீ மட்டும் போயிட்டு வா. என்னால உன் ஆசை கெடக் கூடாது" என்றேன். அவளுக்கு அப்படி ஓர் ஆசை உண்டா என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. நீங்க இல்லாம எனக்கு எதுக்கு மலையும் மண்ணாங்கட்டியும் என்று அவள் கண் கலங்குவாள், நான் தோளைத் தட்டிக் கொடுப்பேன், இருவரும் காபி குடிப்போம். காட்சியை மனதுக்குள் அந்த அளவுக்கு எழுதி வைத்திருந்தேன்.

"ஹவ், போறேன்" என்றாள்.

அவள் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ்தான், ஆனால் முக்கியமான சம்மதமும் மறுப்பும் அவளுக்கு ஹவ், நக்கோ என்று இந்த ஊர் உருதுவில்தான் வரும். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அந்தக் காலத்தில் கேட்டபோதும் இதே ஹவ்தானாம். அதைவிட இது உறுதியாக இருந்தது. எனக்குக் காபியும் கிடைக்கவில்லை.

மௌலா அலி குன்றில் பயிற்சி தொடங்கியது. மேலே தர்கா வரைக்கும் படிகள் உண்டு. முதுகுப்பையில் அரிசியையும் தண்ணீர் பாட்டில்களையும் அடைத்துக்கொண்டு காலையில் அவள் ஏறுவாள். நான் அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சியாளர் உத்தியோகம் பார்ப்பேன். வாய், மெதுவா போ, மெதுவா போ என்று சொல்லும். உள்ளே இருப்பவன், பாதியில் திரும்பிவிடுவாள் பார் என்று காத்திருப்பான். அவள் திரும்பவே இல்லை. போகப் போக, இறங்கி வரும்போது யாராவது இரண்டு பெண்களோடு தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டு வர ஆரம்பித்தாள். ஏறுவது மேடம், உங்களுக்கு ஏன் வேர்க்கிறது என்று டீக்கடைக்காரர் இந்தியில் கேட்டார். மேற்பார்வை கஷ்டமான வேலை என்றேன்.

ஒருநாள் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், என்னை விட்டுட்டுப் போறதுல இவ்வளவு சந்தோஷமா என்று கேட்டுவிட்டேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், குரல் வேடிக்கையாக வரவில்லை.

அவள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள்.

"நக்கோன்னுதான் அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. டாக்டர் உங்ககிட்ட பாதிதான் சொன்னாரு. மீதிய நான்தான் கேட்டேன்." ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நீங்க இல்லாம நான் ஒரு எடத்துக்கும் போனதில்லைங்க. நமக்குப் புள்ளைங்களும் இல்ல. திடீர்னு ஒருநாள் எல்லாத்துக்கும் தனியா போகணும்னா? நீங்க இருக்கும்போதே ஒரு தடவ போய்ப் பாத்துடறேன். திரும்பி வந்து சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே."

எதற்கும் ஒரு கிண்டல் என் கைவசம் இருக்கும். ஆஞ்சியோ மேசையிலேயே இருந்தது. அன்று அதைத் தேடாமல் ஆறிப்போன டீயைக் குடித்தேன். அவளுக்கும் ஒரு டீ சொன்னேன்.

அன்று சாயங்காலமே எனக்கும் பயிற்சி என்று அறிவித்துவிட்டாள். அவள் மலையிலும் காட்டிலும் தீவிலும் இருக்கும் நாட்களில் நான் பட்டினி கிடக்கக் கூடாதாம். குக்கர் மூடியை எப்படிப் பொருத்துவது, சிலிண்டரை எப்படி மூடுவது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் ஒருமுறை சொன்னாள். ஓய்வு பெற்ற அதிகாரியான நான் பருப்பு வேகக் காத்து நின்றேன். பிறகு, "நான் ஊர்ல இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தாள்.

புளித்தண்ணீர் கொதித்தது. பெருங்காயம் எங்கே என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். சமையலறைக் கதவின் ஓரமாக ஹாலில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது, குதிகாலில் ஷூ கடித்த இடத்தில் பிளாஸ்டர். அது அசையவில்லை.

அடுப்பைச் சின்னதாக்கினேன். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.