வெள்ளரிக்காய் வாசனை

எனக்கு மூக்கு செத்துப்போய் சில வருடங்கள் ஆகின்றன. கொரோனா காய்ச்சல் போய்விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. வேறு வேலையில் இருந்தவன் என்றால் ரசத்தில் பெருங்காயம் தெரியவில்லை என்று அங்கலாய்த்துவிட்டுப் போயிருப்பான். நான் பீருக்காகப் பார்லியை முளைகட்டிக் காயவைக்கும் மால்ட் ஹவுஸில் சூப்பர்வைசர். எனக்குச் சம்பளம் கொடுத்ததே மூக்குக்குத்தான்.

மௌலா அலியில் தண்டவாளத்தை ஒட்டிய பழைய கட்டடம் அது. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பீருக்காகக் கட்டினார்கள். அவர்கள் போனபின் பூட்டிக் கிடந்து, பிறகு பாலில் கலக்கும் மாவுக்காகத் திறந்து, கடைசியில் மறுபடியும் பீருக்கே வந்து சேர்ந்தது. என் வீட்டில் அப்பா வரை எல்லோரும் ரயில்வே பட்டறை. நான் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

வேலை கேட்பதற்கு எளிது. பார்லியைத் தொட்டியில் இரண்டு நாள் ஊறவைத்து, நடுநடுவே தண்ணீரை வடித்துக் காற்றாட விட வேண்டும். பிறகு தரையில் பரப்பினால் முளைவிடும். முளைக்கிற தானியம் சூடாகும். மரத்துடுப்பால் புரட்டாவிட்டால் வேர்கள் பின்னிக் கட்டியாகிவிடும். ஐந்தாம் நாள் சூளையில் ஏற்றி முளையைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தானியம் தன் மாவைத் தானே தின்றுவிடும். ஏற்றுவதற்கு முன் சூப்பர்வைசர் நாலு மூலையிலும் அள்ளி முகர்ந்து உத்தரவு கொடுப்பது எங்கள் வழக்கம். நல்ல முளை, நறுக்கிய வெள்ளரிக்காய் போல மணக்கும். பூசணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே ஈரத்துணியின் புழுங்கல் நாற்றம் வரும்.

தரையைப் புரட்டுகிறவரை பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிட மூத்தவர், ரயில்வே காலனித் தமிழர்களோடு பழகித் தமிழ் பேசுவார். நான் இரண்டு முறை முகர்ந்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் முதல் எனக்கு முன்னால் அவர் அள்ளிப் பார்த்து, துடுப்பைத் துடைப்பதுபோல் குனிந்து, "வெள்ளரிக்கா, சாப்" என்பார். சில நாள், "நக்கோ சாப், இன்னொரு தடவை புரட்டணும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பாய்" என்று ஒருமுறை கெஞ்சினேன். ஐம்பது வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? மகள் அமீர்பேட்டில் கோச்சிங் சேர்ந்திருந்தாள்.

"கைக்கு? எதுக்கு சொல்லணும் சாப்?" என்றார்.

ஒரு மே மாதம் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பாய் ஒருநாள் வரவில்லை. அன்றுதான் ஐந்தாம் நாள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் அள்ளினேன், கண்ணை மூடி நன்றாக இழுத்து முகர்ந்தேன், "ஏத்துங்க" என்றேன். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சூளையிலிருந்து இறங்கிய மால்ட் முழுக்க நாறுகிறது என்றார்கள். எனக்கு அதுவும் தெரியவில்லை.

மேனேஜர் கேட்டபோது, "பாய் முந்தின நாள் சுவரோரம் சரியாப் புரட்டல சார்" என்றேன். அவர் ஒரு மூலையைக்கூட விடுகிற ஆள் இல்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. வாய் கூசாமல் சொன்னேன். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு மூக்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் தப்பித்திருப்பார். சொல்லவில்லை.

துண்டையும் டிபன் டப்பாவையும் எடுத்துப்போக ஒருநாள் காலை வந்தார். அன்றும் ஐந்தாம் நாள். கையில் அள்ளிய தானியத்தோடு நான் திருதிருவென்று நின்றேன். ஆட்கள் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கடந்து போனவர் நின்றார். நாலு மூலைக்கும் போய் ஒவ்வொரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு வந்தார்.

"வெள்ளரிக்கா, சாப்" என்றார், என் காதுக்கு மட்டும்.

"ஏத்துங்க" என்றேன்.

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.