நெடுந்தீவுக்குக் கொண்டுபோன கறுப்புக் கல்

நெடுந்தீவுக்கு எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதல் போன கதையைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல என்னால் ஏலாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 1983 பங்குனி. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட மாணவி. எங்கள் விரிவுரையாளர் வெளிநாட்டில் இரவல் வாங்கிய ஒரு களிக்கல்லை என்னிடம் தந்திருந்தார். பல கோடி வருடங்களுக்கு முன் ஆழ்கடல் அடியில் கிடந்த சேறு இறுகிக் கல்லானது; கறுப்பு நிறம், ஒரு செருப்பளவு. அதன் மேல் கடுகை விடச் சிறிய ஓடுகள். ஒஸ்ட்ரகோட் என்று பெயர். இரண்டு ஓட்டுக்குள் வாழும் இறால் சாதி.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அடிச்சேற்றில் ஊரும், மற்றது மேலே நீந்தும். இந்தக் கல்லில் இருப்பவை எல்லாம் நீந்துகிறவை, செத்து விழுந்தவை என்பது விரிவுரையாளரின் வாதம். அடியில் மூச்சுக்காற்றே இல்லை, ஊருகிறவை எப்படிப் பிழைக்கும்? ஊருகிற ஒன்று அகப்பட்டாலும் வாதம் போச்சு. நெடுந்தீவுக் கரைச்சேற்றில் இன்று ஊருகிறவற்றைப் பிடித்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியது என் வேலை. கல்லை அப்படியே திருப்பித் தராவிட்டால் ஆய்வேட்டை மறந்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பினார்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரை பஸ். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் வரை முப்பது கிலோமீற்றர் சொச்சம். அங்கிருந்து வள்ளத்தில் ஒரு மணித்தியாலம். அதில் முக்கால்வாசி நேரம் அலை ஒத்துக்கொள்ளாமல் நான் சத்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த ஆடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

தங்கியது என் அறைத்தோழியின் அக்கா மகேஸ்வரி வீட்டில். வெறுங்கையோடு போகக்கூடாதென்று பாணும் கதலிப்பழமும் வாங்கியிருந்தேன். கல்லும் அதே பைக்குள் இருந்தது. வாசற்படலையிலேயே அக்கா பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வந்தவர் முன்னால் பையைத் திறந்து பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. நானும் தலைசுற்றலில் ஒன்றும் யோசிக்காமல் சேறு அள்ளக் கடற்கரைக்குப் போனேன்.

திரும்பி வர, குசினிக்குள் சர்ர், சர்ர் என்று சத்தம். அக்கா என் கல்லில் மீன் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல கல்லுப் பிள்ளை. இஞ்சத்தைக் கல்லெல்லாம் உதிரும். தங்கச்சியோ சொல்லிவிட்டவள்?”

“ஓம்,” என்றேன். பாழாய்ப்போன வாய்!

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதா? அதைவிடக் கடலில் குதிக்கலாம். பின்னேரம் அயல்சனமும் தீட்டக் கத்தியும் அரிவாளுமாக வந்து இறங்கியது. விஞ்ஞானம் சொன்னால் அக்காவே தந்துவிடுவார் என்று நினைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து ஓடுகளைக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடி நல்லாகப் பார்த்தார்.

“உந்தக் கூனி இறாலைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்? அரியண்டம் எண்டு முகஞ்சுளிக்காதையும். நான் கழுவிப்போட்டுத்தான் தீட்டுறனான்.”

மறுநாள் காலை நான் புறப்படும் நேரம் சர்ர் சத்தம் சட்டென்று நின்றது. அக்கா இரண்டு கையிலும் இரண்டு துண்டோடு வந்தார். புத்தகம் திறந்ததுபோலக் கல் தட்டையாகப் பிளந்திருந்தது.

“நீர் ஆசையாக் கொண்டந்தது. நான் உடைச்சுப்போட்டன்.”

என் ஆய்வேடும் அதோடு உடைந்தது என்றுதான் நினைத்தேன். உள்முகத்தைக் கண்ணாடியால் பார்த்தேன். யாருமே பார்த்திராத முகம். எள்ளுக் கொட்டியதுபோல ஓடுகள்! மூலை மூலையாகத் தேடினேன். எல்லாம் நீந்துகிறவை. ஊருகிறது ஒன்றுகூட இல்லை. சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அதைத் தப்பாக விளங்கிக்கொண்டார். “அழாதையும் பிள்ளை. பாதியை நீர் கொண்டு போம். எனக்குத் தீட்ட மற்றது காணும்.” பையை வெறுமையாகத் திருப்பக்கூடாதென்று பனங்கிழங்கு ஒடியலும் பாரைக் கருவாடும் வைத்து, அதற்கடியில் கல்லை வைத்துத் தந்தார்.

விரிவுரையாளர் முதலில் மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மற்றப் பாதி எங்கே என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். ஏச்சு நிச்சயம் என்று நின்றேன். அவர் பேனையை எடுத்து, கல்லின் துண்டுச்சீட்டில் எழுதினார்: “எதிர்ப்பாதி நெடுந்தீவில், பாவனையில் உள்ளது.”

அந்த ஆடிக் கலவரத்தோடு நாடு மாறிப்போனது. பல வருடம் எனக்கு அந்தக் கடலைக் கடக்க வழியில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாரோ என்றுகூடத் தெரியாமல் தவித்தேன்.

சரி, வழிக்கு வருகிறேன். வள்ள நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள், காற்றைப் பொறுத்து மாறும். தொப்பியும் குடிதண்ணீரும் கட்டாயம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். யார் வீட்டுக்காவது போனால் பழம் ஒரு பையில், உங்கள் சாமான் வேறு பையில்.

அண்மையில் போனேன். அக்கா இருக்கிறார். தலை முழுக்க நரை. குசினி வாசலில் அந்தப் பாதிக்கல் நடுவில் தேய்ந்து கிண்ணம்போலக் குழிந்து கிடந்தது. என்னை அடையாளம் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்தார், பையை வாங்கினார், மரியாதை ஒன்றும் பார்க்காமல் என் முன்னாலேயே திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

“பழம் மட்டும்தானோ?”